பள்ளிக்கூட வாசலில் நிற்கும் தகப்பன்

(ஆயுத பூசை விடுமுறையில் நம் மன்றத்தில் நடந்த குடும்ப விழாவில் ஆற்றிய உரை. ஒலிப்பதிவிலிருந்து எடுத்து எழுதி, பேசியவர் பார்வையிட்டுத் தந்தது.)



அழைப்பிதழில் என் பெயருக்கு எதிரே "கல்வி" என்று ஒரே சொல்லைப் போட்டிருக்கிறார்கள். கல்வி கரையில்லாதது என்று பெரியவர்கள் சொல்லியிருக்கிறார்கள். நம் செயலாளரோ அதற்கு அரைமணி நேரம் கொடுத்திருக்கிறார். (சிரிப்பு) ஆகவே நான் உள்ளே போகவில்லை. பள்ளிக்கூட வாசலிலேயே நின்றுகொள்கிறேன். அந்த வாசலில் நிற்கிற தாய் தகப்பனைப் பற்றித்தான் பேசப் போகிறேன்.

என் தகப்பனார் திருநெல்வேலிச் சீமையிலிருந்து இந்தத் தாராவிக்கு வந்தவர். தோல் பதனிடும் கம்பெனியில் வேலை. 1979-ஆம் ஆண்டு, நான் ஐந்தாம் வகுப்பு. கடன் வாங்கி என்னை ஒரு தனியார் பள்ளியில் சேர்த்திருந்தார். அக்டோபரில் முதல் பருவத் தேர்வு முடிந்து, தீபாவளி விடுமுறைக்கு முன்னால் "ஓப்பன் டே" வைத்தார்கள். பெற்றோர் வந்து விடைத்தாளைப் பார்க்க வேண்டும். நான்தான் வரச்சொல்லிக் காலைப் பிடித்தேன். கணக்கில் நல்ல மதிப்பெண். அப்பா பார்க்க வேண்டும் என்று ஆசை. அரைநாள் கூலியை விட்டுவிட்டு, கையைச் சோப்புப் போட்டுத் தேய்த்துத் தேய்த்துக் கழுவிவிட்டு வந்தார். ஆனால் தோல் வாடை சோப்புக்குப் போகிற வாடையா? உங்களில் அந்த வேலை பார்த்த பெரியவர்கள் இருக்கிறீர்கள், உங்களுக்குத் தெரியும். அலுவலகத்தில் இருந்தவர் முகத்தைச் சுளித்து, "நீ அந்த மரத்தடியில் நில்லு, பையன் தாளைக் கொண்டு வருவான், கையெழுத்துப் போட்டு அனுப்பு" என்றார். நான்தான் தாளைக் கொண்டுபோனேன். அப்பா கையெழுத்துப் போட்டார். மதிப்பெண்ணைப் பார்த்தாரா என்றுகூட எனக்கு இன்றுவரை தெரியாது. அதற்குப் பிறகு நான் பள்ளியை முடிக்கும்வரை அவர் ஒருநாளும் அங்கே வரவில்லை. நானும் கூப்பிடவில்லை. இதில் எந்தப் பாதி அதிகக் கேவலம் என்று சில இரவுகளில் யோசிப்பதுண்டு.

அது எந்தப் பள்ளி என்று கேட்காதீர்கள். எல்லாப் பள்ளிக்கும் அப்படி ஒரு மரத்தடி இருந்தது.

இப்போது உங்களை வெகுதூரம் அழைத்துப் போகிறேன். ஜெர்மனி நாட்டில் ஸ்டுட்கார்ட் என்று ஒரு நகரம். ஏன் அவ்வளவு தூரம் என்று கேட்பீர்கள். தொழிலாளியின் பிள்ளைக்கென்று தொடங்கிய பள்ளி ஒன்று அங்கே இருக்கிறது. நூறாண்டைத் தாண்டி இன்றும் நடக்கிறது. இன்று உலகத்தில் அந்த முறையில் ஆயிரத்துக்கும் மேற்பட்ட பள்ளிகள். அவற்றில் பெற்றோர் மரத்தடியில் நிற்பதில்லை. ஆனால் அந்தப் பெற்றோரில் தொழிலாளி எத்தனை பேர் என்பது வேறு கேள்வி. அந்தக் கேள்விக்குத்தான் நான் வரப்போகிறேன்.

முதல் உலகப்போரில் ஜெர்மனி தோற்றது. 1918 நவம்பர் 9 அன்று அவர்களுடைய மன்னர் முடி துறந்தார். ஊரெங்கும் பசி, ஊரெங்கும் தொழிலாளர் கூட்டம், இனி என்ன என்ற கேள்வி. ஸ்டுட்கார்டில் வால்டார்ப் அஸ்டோரியா என்று ஒரு சிகரெட் தொழிற்சாலை. நம் ஊர்ப் பக்கம் பீடி சுற்றுகிற குடும்பங்களுக்குப் புகையிலைத் தொழில் எப்படிப்பட்டது என்று நான் சொல்லத் தேவையில்லை. அதன் நிர்வாகி எமில் மோல்ட். முதலாளிதான், ஆனால் கொஞ்சம் வித்தியாசமான முதலாளி. தொழிலாளர்களுக்கு வேலை நேரத்திலேயே வகுப்புகள் வைத்தார். வேலை நேரத்திலேயே என்பதைக் கவனியுங்கள். பின்னால் இதற்கு மறுபடி வருவேன். அவருடைய தொழிலாளி ஒருவர், தன் மகனை மேல்படிப்புக்குத் தகுதியானவன் என்று ஆசிரியர் சொன்னதைப் பெருமையாகச் சொன்னாராம். ஆனால் அனுப்பப் பணம் இல்லை. அந்த நாட்டில் அன்று பணக்காரப் பிள்ளைக்கு ஒரு பாதை, தொழிலாளி பிள்ளைக்கு வேறு பாதை. தொழிலாளி பிள்ளை பதினான்கு வயதில் பட்டறைக்குப் போக வேண்டியதுதான்.

மோல்ட், ருடால்ப் ஸ்டைனர் என்ற ஆஸ்திரிய அறிஞரைக் கூப்பிட்டார். ஸ்டைனர் 1919 ஏப்ரலில் அந்தத் தொழிற்சாலையிலேயே தொழிலாளர் முன் பேசினார். அதே ஆண்டு செப்டம்பர் 7, ஞாயிற்றுக்கிழமை, பள்ளியின் தொடக்க விழா. ஊருக்கு மேலே உலாண்ட்சோகெ என்ற குன்றில் ஒரு பழைய உணவு விடுதியை மோல்ட் வாங்கிப் பள்ளியாக மாற்றினார். கட்டடம் தயாராகாமல் பாடம் தொடங்கச் சில நாள் தாமதம்கூட ஆயிற்று. 256 பிள்ளைகள், 8 வகுப்புகள், 12 ஆசிரியர்கள். அந்த 256 பேரில் 191 பேர் தொழிற்சாலைக் குடும்பத்துப் பிள்ளைகள். அவர்கள் செலவைத் தொழிற்சாலை ஏற்றது. ஆணும் பெண்ணும் ஒரே வகுப்பு. மேலாளர் மகனும் சிகரெட் அடுக்குகிறவர் மகளும் ஒரே பெஞ்சு. முதல் வகுப்பிலிருந்தே அயல்மொழிகள். பையன்களும் உட்கார்ந்து கம்பளி பின்னக் கற்றார்கள். தலைமையாசிரியர் என்று ஒருவர் மேலே உட்காரவில்லை. ஆசிரியர்கள் கூடிப் பேசித்தான் முடிவு செய்தார்கள்.

இங்கே ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். ஸ்டைனர் சொன்ன ஆவியுலகத் தத்துவம் எதுவும் எனக்கு உடன்பாடில்லை. மனித இனங்களைப் பற்றி அவர் பேசியவற்றில் சில, மறுத்துத் தள்ள வேண்டியவை. நான் பேச வந்தது அந்தத் தத்துவத்தைப் பற்றி அல்ல. அந்தப் பள்ளியின் வாசல் யாருக்குத் திறந்தது என்பதைப் பற்றி.

அந்தப் பள்ளி தொடங்கியது செப்டம்பரில். அங்கே அது இலையுதிர் காலத்தின் வாசல். நமக்குப் புரட்டாசி, ஐப்பசி, கார்த்திகை. இங்கே மழை விட்டு, சாக்கடை வற்றி, தசராவுக்கு மேடை கட்டுகிற காலம். அங்கே அறுவடை முடிந்து, மரமெல்லாம் மஞ்சளாகி, இலை கொட்டி, நவம்பரில் மாலை ஐந்து மணிக்கே இருட்டிவிடுகிற காலம். குளிர் வருகிறது, இருட்டு வருகிறது, வீட்டுக்குள் அடைய வேண்டியதுதான் என்கிற சமயம். இந்த முறையில் நடக்கிற பள்ளிகள் அப்போதுதான் குடும்பங்களை உள்ளே கூப்பிடுகின்றன. செப்டம்பர் 29 அவர்களுக்கு ஒரு திருநாள். அரக்கப் பாம்பை வென்ற தேவதூதரின் நாள். பிள்ளைகள் நாடகம் போடுவார்கள், சில பள்ளிகளில் அந்தப் பாம்பு வடிவத்திலேயே பெரிய ரொட்டி சுட்டுப் பகிர்ந்து தின்பார்கள். நாம் சூரசம்காரம் பார்க்கிறவர்கள், நமக்கு இது புதிதில்லை.

எனக்குப் பிடித்தது நவம்பர் விளக்கு ஊர்வலம். நவம்பர் 11 மார்ட்டின் நாள். இது அந்தப் பள்ளிகளுக்கு மட்டும் சொந்தமில்லை. ஜெர்மனி முழுவதும் உள்ள பழக்கம். பிள்ளைகள் காகித விளக்குச் செய்வார்கள். அதற்கு முன்னால் பெற்றோர் மாலையில் பள்ளிக்கு வந்து, காகிதம் வெட்டி, பசை ஒட்டி, கம்பி வளைத்துப் பழகுவார்கள். பிறகு ஒரு மாலை, இருட்டின பிறகு, பிள்ளைகள் முன்னே விளக்கோடு நடக்க, குடும்பங்கள் பின்னே நடக்கும். நம்மூரில் கார்த்திகைக்குச் சொக்கப்பனை கொளுத்தி மாவலி சுற்றினோமே, அதுபோல. பெரிய செலவில்லை. ஒரு காகிதம், ஒரு மெழுகுவத்தி.

அதை விடச் சிறிய காரியம் ஒன்று. வகுப்புப் பெற்றோர் கூட்டம். மாலையில், வேலை முடிந்து, தாய் தகப்பன்மார் வகுப்பறைக்கு வந்து, பிள்ளைகள் உட்காருகிற அதே சின்ன நாற்காலியில் முழங்காலை மடக்கிக்கொண்டு உட்காருவார்கள். (சிரிப்பு) சிரிக்காதீர்கள், நாமும் உட்காரலாம். ஆசிரியர், "இந்தப் பருவத்தில் உங்கள் பிள்ளைக்கு என்ன சொல்லிக்கொடுக்கிறேன், ஏன் அப்படிச் சொல்லிக்கொடுக்கிறேன்" என்று பேசுவார். பெற்றோர் கேள்வி கேட்பார்கள். ஸ்டுட்கார்ட் பள்ளியில் ஆரம்பத்திலிருந்தே மாத விழா என்று ஒன்று உண்டு. வகுப்பில் கற்றதைப் பிள்ளைகளே மேடையில் மற்ற வகுப்புகளுக்கும் பெற்றோருக்கும் காட்டுவது. நம் பள்ளிகளில் ஆண்டு விழா என்று வைத்து, சினிமாப் பாட்டுக்கு ஆட வைத்து, உடைக்கு ஐந்நூறு ரூபாய் கேட்கிறார்களே, அது அல்ல. ஒரு பையன் எழுந்து வாய்ப்பாடு சொல்வான், ஒரு பெண் தான் பின்னிய பையைக் காட்டுவாள், ஒரு வகுப்பு அயல்மொழிப் பாட்டுப் பாடும். தாய் பார்க்கிறாள்: என் பிள்ளை இதைக் கற்றிருக்கிறது. என் தகப்பனார் அந்த மரத்தடியில் பார்க்க முடியாமல் போனது அதைத்தான்.

நவம்பர் கடைசியில் கடைவிழா. பெற்றோர் வீட்டில் பலகாரம் சுட்டு, பொம்மை தைத்து, கூடை பின்னிக் கொண்டுவந்து பள்ளியிலேயே விற்பார்கள். வருகிற பணம் பள்ளிக்கு. இந்த மன்றத்தில் உட்கார்ந்திருக்கிற தாய்மார்களில் பாதிப் பேர் இந்த மாதம் முழுவதும் சக்லி பிழிந்துகொண்டிருக்கிறீர்கள். கிலோவுக்கு இவ்வளவு என்று வாங்கிக்கொண்டு போகிறவன் வேறு, கடையில் விற்கிற விலை வேறு. உங்கள் கைத்திறன் பம்பாய் முழுவதும் தீபாவளிக்கு இனிக்கிறது. உங்கள் பிள்ளையின் பள்ளிக்கூடத்துக்கு அப்படி ஒரு திறமை உங்களிடம் இருக்கிறது என்று தெரியுமா? கேட்டிருக்கிறார்களா?

மார்ட்டின் நாள் கதையையும் சொல்லிவிடுகிறேன். மார்ட்டின் ஒரு ரோமாபுரிப் படைவீரன். குளிர்காலத்தில் நகர வாயிலில் ஒரு பிச்சைக்காரன் நடுங்கிக்கொண்டிருந்தான். மார்ட்டின் தன் போர்வையை வாளால் இரண்டாக வெட்டிப் பாதியைக் கொடுத்தான். விளக்கு ஊர்வலத்தில் பிள்ளைகளுக்குச் சொல்கிற கதை இது. நல்ல கதைதான். ஆனால் எனக்கு ஒரு சந்தேகம் எப்போதும் உண்டு. மறுநாள் அந்தப் பிச்சைக்காரன் எங்கே போனான்? அதே வாயிலில்தானே நின்றிருப்பான்? போர்வை பாதி கிடைத்தது. கோட்டைக்குள் இடம் கிடைத்ததா?

தோழர்களே, எமில் மோல்ட் கொடுத்ததும் பாதிப் போர்வைதான் என்று நான் நினைக்கிறேன். அவருடைய நல்ல மனத்தைக் குறை சொல்லவில்லை. தன் சொந்தப் பணத்தையும் போட்டார். ஆனால் நடந்ததைப் பாருங்கள். பள்ளியின் பெயர் பரவியது. வெளியிலிருந்து வசதியுள்ளவர்கள் பிள்ளைகளைக் கொண்டுவந்தார்கள். சில ஆண்டுகளிலேயே தொழிற்சாலைப் பிள்ளைகள் அந்தப் பள்ளியில் சிறுபான்மை ஆகிவிட்டார்கள். 1929-இல் அந்தத் தொழிற்சாலையே கைமாறி மூடப்பட்டது. கொடுத்தவர் கையில் இனிக் கொடுக்க ஒன்றும் இல்லை. பள்ளி ஏன் அன்றே மூடவில்லை? அதற்குள் பள்ளிக்கென்று ஒரு சங்கம் அமைந்திருந்தது. ஆசிரியரும் குடும்பங்களும் ஆதரவாளரும் சேர்ந்து தாங்கினார்கள். தொழிற்சாலை போயிற்று, பள்ளி நின்றது.

பிறகு ஹிட்லர் வந்தான். யூத வழியில் வந்த ஆசிரியர்கள் வெளியேற நேர்ந்தது. புதுப் பிள்ளைகளைச் சேர்க்கக் கூடாது என்றார்கள். 1938-இல் பள்ளியை மூடினார்கள். போரில் குண்டு விழுந்து கட்டடம் நொறுங்கியது. 1945-இல் போர் முடிந்தது. அதே ஆண்டு இலையுதிர் காலத்தில், ஊரே கல்லும் மண்ணுமாகக் கிடந்தபோது, ஆசிரியரும் பெற்றோரும் பழைய மாணவரும் இடிபாட்டை அள்ளிப் போட்டு மறுபடி பாடம் தொடங்கினார்கள். ரேஷன் வரிசையில் நின்றுவிட்டு வந்து மண் அள்ளியிருப்பார்கள். பள்ளி யாரோ கொடுத்த தானம் என்று நினைக்கிறவன் அப்படி அள்ள மாட்டான்.

இந்தப் பள்ளிகள் நம் நாட்டுக்கும் வந்துவிட்டன. ஐதராபாத், பெங்களூர், சென்னை, நம் மும்பையிலும் உண்டு. அங்கேயும் பெற்றோர் விளக்குச் செய்கிறார்கள், அறுவடைத் திருநாள் கொண்டாடுகிறார்கள். நல்லது. ஆனால் சிகரெட்த் தொழிலாளி பிள்ளைக்காகத் தொடங்கிய முறை, இங்கே பெரும்பாலும் வசதி படைத்தவர் பிள்ளைக்கு என்று ஆகிவிட்டது. நான் அந்தப் பெற்றோரைத் திட்டவில்லை. அவர்களுக்குத் தெரிந்த ஒன்று நமக்குத் தெரியாமல் போயிற்று. பள்ளிக்கூடம் என்றால் தாங்களும் உள்ளே போய் உட்காரலாம் என்று அவர்களுக்குப் பிறவியிலேயே தெரியும். நமக்குப் பணம் கட்டும் ஜன்னல் மட்டும் தெரியும்.

ஜெர்மனிக்காரன் தன் அரசியல் சட்டத்திலேயே ஒன்று எழுதி வைத்திருக்கிறான். 1949-ஆம் ஆண்டு அடிப்படைச் சட்டம், ஏழாவது பிரிவு. அரசுப் பள்ளிக்கு மாற்றாகத் தனிப்பள்ளி நடத்த அனுமதி வேண்டுமானால், பெற்றோரின் சொத்து நிலையை வைத்துப் பிள்ளைகளைப் பிரிக்கிற போக்கை அது வளர்க்கக் கூடாது. எழுதியபடியே நடக்கிறது என்று நான் சொல்ல வரவில்லை. ஆனால் எழுதியிருக்கிறான். அதனால் அங்கே பல பள்ளிகளில் வருமானத்துக்குத் தக்கபடி கட்டணம். பணம் குறைவாகக் கொடுத்தாலும் கூட்டத்தில் நாற்காலி ஒன்றுதான்.

நம் நாட்டில் எழுதவில்லையா? எழுதியிருக்கிறார்கள். இதுதான் நான் இன்று உங்களிடம் சொல்ல வந்த விஷயம். கொஞ்சம் பொறுமையாகக் கேளுங்கள். பின்வரிசையில் பேசிக்கொண்டிருக்கிற தம்பிமாரே, உங்களுக்கும்தான்.

கட்டாயக் கல்வி உரிமைச் சட்டம், 2009. நடைமுறைக்கு வந்தது 2010 ஏப்ரல் 1. அதில் 21-ஆவது பிரிவு. மாநகராட்சிப் பள்ளியானாலும் அரசு உதவி பெறும் பள்ளியானாலும் பள்ளி மேலாண்மைக் குழு ஒன்று இருக்க வேண்டும். மராட்டியில் சாலேய வியவஸ்தாபன் சமிதி என்பார்கள். நோட்டீஸ் பலகையில் அப்படித்தான் இருக்கும். அந்தக் குழுவில் நாலில் மூன்று பங்கு பிள்ளைகளின் பெற்றோர் அல்லது காப்பாளர். மொத்த உறுப்பினரில் பாதிப் பேர் பெண்கள். ஒடுக்கப்பட்ட, நலிந்த பிரிவுப் பெற்றோருக்கு அவர்கள் எண்ணிக்கைக்குத் தக்க இடம். வேலை என்ன? பள்ளி எப்படி நடக்கிறது என்று கண்காணிப்பது. பள்ளி வளர்ச்சித் திட்டம் எழுதுவது. அரசும் மாநகராட்சியும் கொடுக்கிற பணம் எப்படிச் செலவாகிறது என்று பார்ப்பது. ஸ்டுட்கார்டில் ஒரு முதலாளியின் நல்ல மனத்தால் நடந்தது, இங்கே உங்களுக்குச் சட்டப்படி உரிமை. இட்லி அவித்து சைக்கிளில் அனுப்புகிற அம்மா அந்த நாற்காலியில் உட்காரலாம் என்று நாடாளுமன்றம் சொல்லியிருக்கிறது. உட்கார்ந்திருக்கிறோமா?

நான் சில கல்லிகளில் கேட்டுப் பார்த்தேன். ஒரு அம்மா சொன்னார்: "அண்ணே, நான் அந்தக் குழுவிலே இருக்கேனாம். வருஷம் ஒரு தடவை ரிஜிஸ்தரைப் பையன் கையிலே குடுத்து விடுறாங்க, கையெழுத்துப் போட்டுத் திருப்பி அனுப்புறேன்." எனக்கு மரத்தடி ஞாபகம் வந்துவிட்டது. நாற்பத்தைந்து ஆண்டு கழித்தும் தாள் பையன் கையில்தான் வருகிறது, கையெழுத்து வெளியேதான் நடக்கிறது! சட்டம் வந்து உறுப்பினர் என்று பட்டம் மட்டும் கொடுத்திருக்கிறது.

தனியார் பள்ளிக்கு அனுப்புகிறவர்கள், எங்களுக்கு என்ன என்று கேட்பீர்கள். அரசு உதவி பெறாத பள்ளிக்கு அந்த மேலாண்மைக் குழு கிடையாது, உண்மை. ஆனால் மகாராட்டிரத்தில் கல்விக் கட்டண ஒழுங்குமுறைச் சட்டம் 2011 என்று ஒன்று இருக்கிறது. பெற்றோர்-ஆசிரியர் சங்கம் அமைக்க வேண்டும். அதன் செயற்குழுவுக்குப் பெற்றோரைச் சீட்டுக் குலுக்கி எடுக்க வேண்டும். கட்டணத்தை ஏற்றுகிறதானால் நிர்வாகம் அந்தச் செயற்குழு முன்னே வைத்தாக வேண்டும். சீட்டுக் குலுக்குகிற அன்று நீங்கள் பெயர் கொடுக்காவிட்டால், கார் வைத்திருக்கிறவர் பெயர் மட்டும்தான் டப்பாவில் கிடக்கும். அவருக்கு இரண்டாயிரம் ஏறினால் என்ன?

இருபத்தைந்து சதவீத இடத்தையும் மறந்துவிடாதீர்கள். கல்வி உரிமைச் சட்டப்படி உதவி பெறாத தனியார் பள்ளியும் முதல் வகுப்புச் சேர்க்கையில் அந்த அளவு இடத்தை நலிந்த, ஒடுக்கப்பட்ட குடும்பத்துப் பிள்ளைகளுக்குக் கொடுக்க வேண்டும். 2024 பிப்ரவரியில் மகாராட்டிர அரசு விதியைத் திருத்தி, ஒரு கிலோமீட்டருக்குள் அரசுப் பள்ளியோ உதவி பெறும் பள்ளியோ இருந்தால் தனியார் பள்ளிக்கு விலக்கு என்றது. மும்பையில் எங்கே நின்றாலும் ஒரு கிலோமீட்டருக்குள் ஒரு பள்ளி இருக்காதா? வழக்குப் போட்டார்கள். அந்த ஆண்டு சூலையில் உயர் நீதிமன்றம் அந்தத் திருத்தத்தைச் செல்லாது என்றது. வழக்குப் போட்டவர்கள் யாரோ, பலன் நமக்கு. அடுத்த தடவையும் யாரோ போடுவார்கள் என்று உட்கார்ந்திருக்க முடியாது.

தமிழ்வழிப் பள்ளியைப் பற்றிப் பேசாமல் நான் இறங்க முடியாது. மும்பை மாநகராட்சி எட்டு மொழிகளில் பள்ளி நடத்துகிறது, அதில் தமிழும் ஒன்று. தமிழ்நாட்டுக்கு வெளியே ஒரு மாநகராட்சி தன் செலவில் தமிழில் பாடம் சொல்லித்தருவது சின்ன விஷயமா? அந்த வகுப்புகளில் பிள்ளைகள் குறைந்துகொண்டே வருகிறார்கள். ஆங்கிலம் வேண்டும் என்று நாமே எடுத்துக்கொண்டு போகிறோம். அதில் நான் யாருக்கும் உபதேசம் செய்ய மாட்டேன். என் தகப்பனாரும் கடன் வாங்கித்தான் அந்தத் தவறைச் செய்தார், அல்லது அந்தச் சரியைச் செய்தார், இன்றும் எனக்கு முடிவாகத் தெரியவில்லை. நான் சொல்வது ஒன்றுதான். ஆசிரியர் இல்லை, ஆங்கிலம் சரியாகச் சொல்லித்தரவில்லை, கழிப்பறையில் தண்ணீர் இல்லை என்று சொல்லி ஒவ்வொரு வீடாக வெளியேறுகிறோம். வெளியேறும் முன்னே ஒரு தடவை உள்ளே போய், அந்தக் குழுவின் நாற்காலியில் உட்கார்ந்து, தண்ணீர் ஏன் வரவில்லை என்று கேட்டோமா? கேட்டும் வரவில்லை என்றால் அப்போது வெளியேறுங்கள், நான் தடுக்க மாட்டேன்.

நேரம் இல்லை என்பீர்கள். அது சாக்கு அல்ல, உண்மை. கூட்டத்தைப் புதன்கிழமை பகல் பதினொரு மணிக்கு வைத்தால் யார் வருவார்? வந்தால் கூலி போகும். இங்கேதான் மோல்ட் செய்ததை மறுபடி நினைவுபடுத்துகிறேன். தொழிலாளி படிக்க வேண்டும் என்று வேலை நேரத்தையே கொடுத்தார். நம் சேட்டுகள் அப்படிக் கொடுப்பார்கள் என்று நான் கனவு காணவில்லை. (சிரிப்பு) ஆனால் பள்ளி தன் நேரத்தை மாற்றலாம். ஞாயிறு காலை, அல்லது மாலை ஏழு மணிக்கு மேல். ஆசிரியருக்கும் வீடு உண்டு, ரயில் பிடித்து விராருக்கும் கல்யாணுக்கும் போகிறவர்கள் அவர்கள். அதனால் அதிகாரமாகக் கேட்காமல், மாதம் ஒரு ஞாயிறு என்று கேட்போம். மன்றத்தின் பெயரில் ஒரு கடிதம் தயாராக இருக்கிறது. தமிழிலும் மராட்டியிலும் எழுதியிருக்கிறோம்.

மூன்றாம் வரிசையில் அந்த அம்மா கையைத் தூக்குகிறார். சொல்லுங்கம்மா. ... மராட்டி பேச வராதே என்கிறார். நல்ல கேள்வி. தனியாகப் போகாதீர்கள், இரண்டு பேராகப் போங்கள். மராட்டி தெரிந்த ஒருவரை மன்றம் கூட அனுப்பும். ஒன்றை மட்டும் தயவுசெய்து செய்யாதீர்கள். பிள்ளையை மொழிபெயர்க்க வைக்காதீர்கள். ஆசிரியர் அம்மாவிடம் குரலை உயர்த்துவதை அந்தப் பிள்ளையே தமிழாக்கிச் சொல்ல வேண்டிய நிலை வந்தால், அப்புறம் அது உங்களைப் பள்ளிக்குக் கூப்பிடாது. அனுபவித்தவன் சொல்கிறேன்.

விடுமுறை முடிந்து பள்ளி திறக்க இன்னும் நாள் இருக்கிறது. வெளியே சுண்டல் கொடுக்கிற மேசையில் ஒரு நீல அட்டை நோட்டு வைத்திருக்கிறோம். பிள்ளை பெயர், பள்ளி, வகுப்பு, குழுவில் சேரவோ சீட்டுக்குப் பெயர் கொடுக்கவோ விரும்புகிறவர் பெயர். எழுதத் தெரியாதவர்கள் சொல்லுங்கள், தம்பிமார் எழுதுவார்கள். முதல் வரியில் என் மகள் பெயர் இருக்கிறது. பேரன் மாநகராட்சிப் பள்ளியில் தமிழ்வழி ஒன்றாம் வகுப்பு. மருமகன் பெயரையும் எழுதச் சொன்னேன். அவருக்கு ஞாயிறும் ஷிஃப்ட்டாம். இதோ ஓரத்தில்தான் உட்கார்ந்திருக்கிறார், சுண்டல் வாங்கும்போது நீங்களும் கொஞ்சம் சொல்லிப் பாருங்கள். (சிரிப்பு, கைதட்டல்)